உன் கனத்த கிட்டார் எங்களுக்கு வேண்டாம், மச்சான்

லிந்துலை, மேல்பிரிவு லயம்
திங்கட்கிழமை பின்னேரம்

என் மனைவி தெரேசாவின் ஒரே தம்பியும், வத்தளையில் குடியிருந்தாலும் மலைநாட்டை மறவாதவனும், உலகத்தில் தன்னைத் தவிர வேறு யாருக்கும் சங்கீதம் தெரியாது என்று திடமாய் நம்புகிறவனுமாகிய அன்பு மச்சான் கிளைவுக்கு, யேசுரட்ணம் எழுதுவது. இயேசுவுக்கே புகழ். இவ்விடம் நான், உன் அக்கா, என் மகளும் உன் மருமகளுமான ஷிராணி, முட்டை போடாத இரண்டு கோழிகள் ஆகிய அனைவரும் ஆண்டவர் தயவில் சுகம். அவ்விடம் நீயும், உன் மனைவி கேத்ரினும், கேத்ரினை விடக் கவனமாய் நீ துடைத்து வைத்திருக்கும் உன் கிட்டாரும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம்.

போன கிழமை நீ போனில், "பிள்ளைக்கு லெஸ் பால் மாடல்தான் சரி, வேற ஒண்ணையும் தொடாதீங்க, நீங்க வாங்கவும் வேணாம், என்னோடதையே அனுப்புறேன்" என்று சொன்னாய். பாதியில் லைன் அறுந்துவிட்டது என்று நினைத்திருப்பாய். அறவில்லை, நான்தான் வைத்தேன். நீ கல்யாண வீடுகளில் வாசித்துத் திரிந்த காலத்திலிருந்து உன் கிட்டாரை நான் கேலி செய்து வருகிறேன். அதையே இரவல் வாங்கிவிட்டால் பிறகு எந்த முகத்தோடு உன்னை நக்கல் அடிப்பது? கிழவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது? ஆகவே நாங்களே ஹட்டனுக்குப் போய் ஒன்றைத் தெரிவு செய்தோம். அந்த விபரத்தை முறையாக அறியத் தருகிறேன்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். பிள்ளை குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக மெடிக்கல் எடுத்து, பாஸ்போர்ட்டையும் ஏஜென்ட்டிடம் கொடுத்தாயிற்று. மாதக் கடைசியில் பிளேன். இதற்கு நடுவில்தான், நுவரெலியாவில் ஒரு பெரிய ஓட்டலில் பேண்ட் நடத்துகிற நிமல் மாஸ்டர் நம்ம கோவில் திருநாளுக்கு வந்து, பாட்டுக்குழுவில் ஷிராணி வாசித்ததைக் கேட்டுவிட்டு, சனிக்கிழமை ஓட்டலுக்கு வா, பின்னேரம் மெதுவான பாட்டு, இரவுக்கு ஆட்டம் போட பைலா, ரெண்டும் வாசித்துக் காட்டு, சரிவந்தால் நிரந்தர இடம் என்றார். கோவிலில் வாசிக்கிற பெட்டிக் கிட்டார் அங்கே எடுபடாதாம், எலெக்ட்ரிக் கிட்டார் வேணுமாம். எடுத்தால் பிள்ளை பஸ்ஸில் போய் வருவாள். எடுக்காவிட்டால் பிளேனில் போவாள், எப்ப வருவாளோ தெரியாது. அவ்வளவுதான் மச்சான். இதை உன் அக்கா வாயால் சொல்ல மாட்டாள். கொஞ்ச நாளாய் அவள் சட்டி பானையோடுதான் பேசுகிறாள், அதுவும் சத்தமாய்.

வியாழக்கிழமை காலைல பஸ் ஏறினோம். என்ன வரவேணாம்னு பிள்ள சொன்னா, அதனாலதான் போனேன். பஸ்ஸுல பக்கத்துல இருந்த மாயாண்டி, எங்க பிரிவுல மருந்தடிக்கிறவன், "அண்ணே, செவப்பா இருக்கிறத வாங்குங்க, அதுதான் சத்தம் போடும்"னு புத்தி சொன்னான். நீ சொன்னதுக்கு இது எவ்வளவோ மேல். ஹட்டன்ல கந்தப்பன்னு ஒருத்தர் ஒரு மாடியில பழைய வாத்தியம் வாங்கி விக்கிறாரு, நல்ல மனுசன், போனதுமே பிளேன்டீ குடுத்தாரு. செவத்துல மூணு எலெக்ட்ரிக் கிட்டார் தொங்குச்சு. ஒண்ணு ஸ்ட்ராட் மாடலாம். ஆட்டுக்கடா மாதிரி ரெண்டு கொம்பு, இடுப்பு ஒடுங்கி, பாக்க லெச்சணமா இருந்துச்சு. இன்னொண்ணு டெலி மாடல். ரொட்டி தட்டுற பலகைக்கு ஒரு கைப்பிடி வச்ச மாதிரி. மூணாவது, நீ கும்பிடுற லெஸ் பால். மச்சான், சத்தியமா சொல்றேன், அத பாத்ததும் ஒன் ஞாபகம்தான் வந்துச்சு. தடிச்ச ஒடம்பு, பளபளன்னு எண்ண பூசின மூஞ்சி, தூக்கினவன் தோளு எறங்கிப் போற கனம்.

"இதுல எதுப்பா நல்லாருக்கு?"ன்னு பிள்ள கேட்டா. கேக்கிறது யாருகிட்ட? தேயிலைப் பெக்டரியில டீமேக்கரு ருசி பாக்கிறதுக்கு வருசக்கணக்கா கோப்பை அடுக்கினவன்கிட்ட. நான் சொன்னேன், "கண்ணால பாத்துத் தெரிவு செஞ்சா ஏமாந்து போவோம் மகளே. பெக்டரியில எந்தக் கோப்பையில எந்தக் கொழுந்துன்னு தெரியாமத்தான் வாயில வைப்பாங்க. நான் செவத்தப் பாத்துத் திரும்பிக்கிறேன். நீ மூணையும் ஒண்ணொண்ணா வாசி, ஒரே பாட்ட."

"ஐயா, இது தேயில இல்லீங்களே"ன்னு கந்தப்பன் இழுத்தாரு.

"எல்லாம் ஒண்ணுதான் தம்பி. காதும் வாயும் உள்ளுக்குள்ள ஒரே ரோட்டுலதான் சேருது"ன்னு சொல்லிட்டு, பிளேன்டீய கையில எடுத்துக்கிட்டு செவத்துப் பக்கம் திரும்பிட்டேன்.

மொதல்ல ஒண்ணு வாசிச்சா. நான் டீமேக்கரு மாதிரியே சுர்ர்ருன்னு ஒரு வாய் உறிஞ்சி, நாக்குல உருட்டி, கண்ண மூடிக் கேட்டேன். தெளிவுன்னா அப்பிடி ஒரு தெளிவு. மேல்மலைக் கொழுந்து, பனிக்காலத்துல பறிச்சது, சாயம் கொறைவு, வாசம் தூக்குது. இதுவரைக்கும் எல்லாம் முறையா நடந்துச்சு. ருசி பாத்தா துப்பணும் இல்லியா, அதுதான் தொழில். பெக்டரியில அதுக்குன்னு உசரமா ஒரு தொட்டி நிக்கும். பழக்கத்துல கைய நீட்டினேன், இடுப்பு ஒசரத்துல வாய் தெறந்தாப்ல ஒண்ணு நின்னுச்சு, துப்பிட்டேன். அது தோல் மாத்த வச்சிருந்த கொங்கா மேளம்.

"ஐயோ ஐயா!"

"முழுங்கினா ருசி பாத்தவன்னு சொல்ல மாட்டாங்க தம்பி"ன்னு சமாளிச்சேன். "அடுத்தது வாசிம்மா!"

அடுத்தது கடிச்சுது. மூக்குல ஏறுற மாதிரி, இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ. "இது அந்த ரொட்டிப் பலக"ன்னு சொல்லிட்டேன். மூணாவது வாசிச்சா பாரு, மச்சான், டின்பால் ஊத்தின தேத்தண்ணி! கட்டியா, இனிப்பா, தொண்டையால எறங்கி நெஞ்சுல சம்மணம் போட்டு ஒக்காந்துச்சு. ஒன் மேல உள்ள கோவத்தையும் மறந்து, நியாயம் நியாயம்தானேன்னு, "இதுதான் ஒங்க மாமன் சாதி. குண்டுப் பய கிட்டாரு!"ன்னு கத்தினேன். மூணுக்கும் மார்க்கும் போட்டேன், காரணமும் சொன்னேன், எந்தப் பாட்டுக்கு எது தோதுன்னு விளக்கமும் குடுத்தேன். பேசிக்கிட்டே திரும்பினா, கந்தப்பன் தரையில குந்தி, வயித்தப் புடிச்சுக்கிட்டு, சத்தம் வராம சிரிக்கிறாரு. பிள்ள மடியில ஸ்ட்ராட் இருக்கு. மத்த ரெண்டும் செவத்துலயே இருக்கு, மேல இருந்த தூசிகூட கலையல.

"மூணும் இது ஒண்ணுதாம்ப்பா"ன்னா.

"என்னடி சொல்ற?"

"இந்தா, இந்த சுவிச்ச இங்க தள்ளிட்டு, விரல அடிப்பக்கம் வச்சு அடிச்சா கடிக்கும். இங்க தள்ளி, இந்தக் குமிழையும் கொறச்சு, கழுத்துப் பக்கமா மெதுவாத் தட்டினா தடிப்பா வரும். நடுவுல விட்டா நீங்க சொன்ன பனிக்காலக் கொழுந்து."

"அப்பனையே ஏமாத்த எங்கடி கத்துக்கிட்ட?"

"எங்கயும் தேடிப் போகல. வீட்டுலயே ஆளு இருக்கு."

எனக்குக் கோவம் வரணும், வரல. ஒரே கேத்தல்ல மூணு தேத்தண்ணி ஊத்தி, ருசி பாக்கிறவனையே மடக்கின பிள்ள. நெனச்சா இன்னைக்கும் எனக்கு நெஞ்சு நெமிருது. இத நீ செஞ்சிருப்பியா? ஒன் கிட்டாருக்கு ஒரே ஒரு கொரல்தான், அதுவும் ஒன் கொரல் மாதிரி.

பெறகு நெசமாவே லெஸ் பாலையும் எறக்கி வாசிச்சா. பொய் சொல்லக் கூடாது. ஒரு தட்டு தட்டினா, வேல மேற்பாக்கிற கண்டாக்கையா மலையில ஒரு சுத்து சுத்திட்டு வர்ற வரைக்கும் சத்தம் நிக்குது. பிள்ள கண்ணுல ஒரு ஆச தெரிஞ்சுச்சு. நான் ஒடனே, "வேணாம்மா, தோளு போயிரும்"னேன். "அம்மா கொழுந்துச் சாக்குத் தூக்கினதுல பாதிகூட இல்லப்பா இது"ன்னா. நான் இருமினேன். அந்த நேரம் பாத்து கீழ்க்கடையில வெல்டிங்க ஆரம்பிச்சான். ஸ்ட்ராட்டு கொர்ர்ருன்னு உறும ஆரம்பிச்சிருச்சு. லெஸ் பால் கல்லு மாதிரி கம்முனு இருந்துச்சு. ஒனக்கு இப்ப வாய் காது வரைக்கும் போயிருக்கும், தெரியும். கந்தப்பனும் சொன்னாரு, "அது உள்ளுக்குக் கம்பி ரெட்டைச் சுத்து போட்டது ஐயா, கரண்டு இரைச்சல உள்ளயே அழிச்சிரும்"னு. ஆனா ஒன் மருமக என்ன செஞ்சா? ஸ்ட்ராட்ட மாட்டிக்கிட்டு, ஒரு சாமி சுத்துற மாதிரி மெதுவாத் திரும்பினா. ஒரு பக்கம் வந்ததும் உறுமல் அடங்கிருச்சு. அந்தப் பக்கமே நின்னு முழுப் பாட்டையும் வாசிச்சு முடிச்சா. சுவிச்ச ரெண்டு எடத்துக்கு நடுவுல வச்சாலும் அடங்குமாம். தெரேசாவோட சீட்டு விழுந்த காசுல அதையே எடுத்துட்டோம். மேளம் கழுவின கூலிய கந்தப்பன் கேக்கல, அவ்வளவு சிரிச்சிருக்காரு.

சனிக்கிழமை நானும் ஒங்கக்காவும் போனோம். ஓட்டல்ல புல்லுத் தரையில மேச போட்டு, வெள்ளக்காரங்க பின்னேரத் தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நிமல் மாஸ்டர் எங்களையும் ஒரு மூலையில ஒக்கார வச்சாரு. முட்ட ஓடு மாதிரி மெல்லிசான கோப்பை. நல்ல தேயிலயக் கண்டா எனக்குக் கை கால் ஓடாதுன்னு ஒனக்குத் தெரியுமே. சுர்ர்ருன்னு ஒரு இழுப்பு. பக்கத்து மேச வெள்ளக்காரன் என்னையே பாத்தான், வெயிட்டர்கிட்ட என்னவோ கேட்டான், பெறகு அவனும் சுர்ர்ருன்னான். அவன் பொண்டாட்டியும் சுர்ர்ருன்னா. இந்த ஊரு முறை போலன்னு அடுத்த மேசையும் ஆரம்பிச்சிருச்சு. அந்த நேரந்தான் பிள்ள மொத பாட்ட எடுத்தா. நிமல் மாஸ்டர் ஸ்பீக்கர்ல கோளாறுன்னு நெனச்சு, வயரெல்லாம் புடிச்சு ஆட்டிப் பாத்தாரு. ஒங்கக்கா என் தொடையில கிள்ளின கிள்ளு இன்னும் நீலமா இருக்கு.

ஆனா மச்சான், கொஞ்ச நேரந்தான். பிள்ள வாசிக்க வாசிக்க ஒரு மேசயா அடங்கிருச்சு. கோப்பைய வாய்க்கிட்ட வச்ச மனுசன் அப்பிடியே வச்சிருந்தான். நான் போட்ட மார்க்கெல்லாம் தண்ணி. அந்தச் சத்தத்துக்கு எந்தத் தேத்தண்ணி பேரும் எனக்குக் கெடைக்கல. ஒங்கக்கா முந்தானைய வாயில வச்சுக்கிட்டா. எனக்கும் கண்ணுல ஏதோ விழுந்துச்சு, புல்லுத் தரையில பூச்சி ஜாஸ்தி.

ராவைக்கு பைலாவும் வாசிச்சா. ஆளுங்க ஆடினாங்க. ஆனா நிமல் மாஸ்டர் ஒதட்ட ஒரு பக்கம் கோணி யோசிச்சாரு. முடிஞ்சதும், "ஹொந்தய், ஹொந்தய், நல்லம்... செவ்வாய்க்கிழமை போன்ல சொல்றேன்"னு மட்டும் சொன்னாரு. அந்த ஒதடு எனக்குப் புடிக்கல. அப்பத்துல இருந்து நான் யாரையும் கேலி பண்ணல. நேத்து ராத்திரி சோத்துல உப்பில்ல, அதுக்குக்கூட ஒண்ணும் சொல்லல. "அப்பா, ஒடம்புக்கு ஏதும் முடியலையா?"ன்னு பிள்ள நெத்தியத் தொட்டுப் பாக்கிறா. ஏஜென்ட் வேற ரெண்டு தரம் போன் எடுத்துட்டான். அதான் வாசப்பக்க இஸ்தோப்புல ஒக்காந்து ஒனக்கு எழுதுறேன். ஒன்ன நக்கல் பண்ணினா மனசு கொஞ்சம் லேசாகுது.

ஆகவே மச்சான், முடிவாக அறிவது என்னவென்றால், நாங்கள் எடுத்த ஸ்ட்ராட் ஒன்றே போதும். சகலத்துக்கும் அது ஒத்துவரும். உன் கனத்த, ஒற்றைக் குரல், எண்ணெய் மூஞ்சிக் கிட்டாரை நீயே வைத்துக்கொள். இனி அதைப்பற்றிப் போனில் பேசினாலும் வைத்துவிடுவேன். மாதா தன் முக்காட்டால் உன் வீட்டுக் கூரையை மழைக்கும் கடன்காரருக்கும் மறைத்துக் காப்பாளாக. கேத்ரினுக்கு என் அன்பு, உனக்கு என் ஆசீர்வாதம், கிட்டாருக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிய பாவத்துக்காக உன்னையும் சகித்துக்கொண்டிருக்கும்
யேசுரட்ணம்

பி.கு.: செவ்வாய்க்கிழமை காலைல எழுதுறது. காயிதம் வீணாகக் கூடாதுன்னு மேல உள்ளத கிழிக்கல, நீயும் படிச்சதா நெனைக்காத. இப்பத்தான் நிமல் மாஸ்டர் போன் எடுத்தாரு. பிள்ளய எடுத்துட்டாங்க! போன் வச்ச நிமிசமே ஒங்கக்கா சட்டிய விட்டுட்டு என்கிட்டப் பேசினா: "என்னங்க, இன்னைக்கே போய்ப் பாஸ்போர்ட்ட வாங்கிட்டு வாங்க." சந்தோசந்தான். ஆனா மாஸ்டர் ஒரு கண்டிசன் போட்டிருக்காரு. பின்னேரத்துக்கு அந்த ஸ்ட்ராட் பொன்னாம், ராவைக்கு பைலாவுக்கு இன்னும் தடிப்பா, கனமா ஒரு சத்தம் வேணுமாம். "லெஸ் பால் மாதிரி ஒண்ணு எங்கயும் எடுக்க ஏலுமா?"ன்னு கேட்டாரு. நான் வேணாம் வேணாம்னு கைய ஆட்டுறதுக்குள்ள பிள்ள சொல்லிட்டா, "எங்க மாமாகிட்ட இருக்கு மாஸ்டர். உலகத்துலயே அந்த மாதிரி கிட்டாரு கெடையாதுன்னு எங்கப்பாதான் எப்பவும் சொல்வாரு"ன்னு. அதனால மேல எழுதினதெல்லாம் வேற எவனோ ஒருத்தன் கிட்டாரப் பத்தி. ஒன் கிட்டாரோட வெள்ளிக்கிழமை காலைலயே பஸ் ஏறு. அதுக்கு ஒரு டிக்கெட் போட்டு ஜன்னலோரமா பத்திரமா ஒக்கார வை. நீ நின்னுக்கிட்டு வா.