அமாவாசையன்று வீடு பார்க்க வந்தார்கள்

அன்பும் மதிப்பும் மிக்க ஜசிந்தா சேச்சிக்கு,

மாதாவின் கிருபையால் அம்மாவும் நானும் சுகம். கணுக்காலுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் ஈரம். மஸ்கட்டில் நீயும் அத்தானும் காய்ந்த தரையில் நலமாக இருக்க வேண்டுகிறோம். போனில் நான் பஞ்சாயத்து என்றதுமே நீ வைத்துவிடுவதால் எழுதுகிறேன்.

எனக்குப் பேசியிருக்கும் ரோஸ்மியின் வீட்டார் போன ஞாயிறு நம் வீடு பார்க்க வந்தார்கள். நம் தீவில் சாவைத் தவிர எல்லாவற்றுக்கும் அமாவாசையும் பௌர்ணமியும் தள்ளித்தான் நாள் குறிப்போம், அன்றைக்குத்தான் கடலேற்றம் வீட்டுக்குள் வரும் என்று உனக்குத் தெரியும். அந்த ஞாயிறு அமாவாசை. அம்மா தயங்கினாள். வார்டு மெம்பர் அந்தப்பன் சேட்டன்தான், "ஆத்தோரமா செவுரு கட்டியாச்சு, இனி அமாவாசையைக் காலண்டர்ல பாத்தாப் போதும்" என்று தைரியம் சொன்னார். சுவர் கட்டினார்கள், சரி. தண்ணீர் திரும்பிப் போக ஒரு மதகு வைக்கவில்லை. வாய்க்காலை மூடி அதன்மேல் யாரும் உட்காராத பூங்கா போட்டார்கள், கல்வெட்டில் மட்டும் அத்தனை பெயர். பக்கத்து வார்டில் சாலையை உயர்த்தினார்கள் என்று நம் மெம்பர் அதைவிட உயர்த்தினார், வீடுகளெல்லாம் பள்ளத்தில். முன்பு தண்ணீர் விருந்தாளிபோல் வந்து அன்றே போகும். இப்போது சுவருக்கு அடியில் ஊறி வந்து, வாடகைக்கு வந்தவன்போல் தங்கிவிடுகிறது. இவர்கள் வரைபடத்தில் கடல் நீல நிறத்தில் அசையாமல் கிடக்கிறது.

வந்தவர்கள் கட்லெட்டைக் கையில் எடுக்கவும் தண்ணீர் படியேறவும் சரியாக இருந்தது. ரோஸ்மியின் சித்தியுடைய ஒற்றைச் செருப்பு அடுக்களையைப் பார்க்கப் போய்விட்டது. சோபாவுக்கு அடியில் ஒரு திலாப்பியா மீன். அம்மா ஒன்றும் நடக்காததுபோல் தண்ணீருக்குள் நடந்து தேநீர் கொடுத்தாள். எனக்குச் சம்பந்தம் முறிந்தது என்றே தோன்ற, அந்த ஆத்திரத்தில் பஞ்சாயத்தை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். மலையில் அன்னாசி போடும் ரோஸ்மியின் அப்பா வர்க்கிச்சன், காலைத் தூக்கி சோபாவில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"இது தானாப் போயிருமா?"

"நாளன்னிக்குப் போயிரும்."

"வர்றது முன்னாடியே தெரியுமா?"

"காலண்டர்லயே இருக்கு."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா ஏலிக்குட்டி, காலண்டர்லயே இருக்காம். நம்ம ஊர்ல குவாரிக்கு அனுமதி குடுத்தானுங்களே, அந்த மலை சொல்லிட்டா எறங்கிச்சு? மாத்தன் வீட்டு அடுக்களை இன்னும் மண்ணுக்குள்ள கெடக்கு. எம் பொண்ணு தண்ணியோட குடித்தனம் பண்ணிக்குவா."

இரண்டு பஞ்சாயத்துகள் சேர்ந்து என் கல்யாணத்தை முடித்துவைத்தன, சேச்சி. சித்தி அந்தத் திலாப்பியாவைப் புடவை முந்தானையால் பிடித்தாள். பொரித்துத் தின்றுவிட்டுச் சந்தோஷமாகப் போனார்கள்.

இனி உன் விஷயம். வீட்டுக்குப் பின்னால் நீ வாங்கிய உப்புநீர் நெல்வயலில் மண்ணடித்து மேடாக்கச் சொல்லியிருந்தாய். மாட்டேன். இந்தத் தீவில் தண்ணீர் போய் நிற்க மிச்சமிருக்கும் ஒரே இடம் அது. அதையும் மூடிவிட்டால் மெம்பரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? லாரி வந்தால் குறுக்கே படுப்பேன். இதைப் பற்றி மறுபடி கேட்காதே.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். அம்மா உனக்காகத் தினமும் ஜெபமாலை சொல்கிறாள். முழங்காலில் நிற்க முடியாததால் நாற்காலியில் உட்கார்ந்துதான்.

உன் தம்பி,
டெனிசன்

பி.கு.: சர்ச்சில் பாதிரியார் கொடுத்த ஒரே கல்யாணத் தேதி பௌர்ணமி. பந்தல் போடக் காய்ந்த தரை எங்கும் இல்லை. அதனால் உன் வயலில் ஒரு மூலையில் மட்டும், பந்தல் அளவுக்கு, நாளை லாரி வருகிறது. அனுமதியை அந்தப்பன் சேட்டன் பார்த்துக்கொள்கிறார். கல்யாணம் முடிந்ததும் மண்ணை அள்ளிவிடுவேன் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "அள்ளிடலாம் மோனே," என்றார். "இப்படிச் சொல்லிட்டு அடிச்ச மண்ணு மேலதான் நம்ம பஞ்சாயத்து ஆபீசே நிக்குது."