எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பத்துப் பொருத்தம்

ஐப்பசி பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பத்திரண்டு நிமிடம். வானம் மூட்டம், மழை வருவது போல இருந்தது, வரவில்லை. மாடிக் கொடியில் எங்கள் துணி பதினொன்று, பக்கத்து வீட்டுத் துணி ஆறு. அந்த நிமிடத்தில்தான் எங்கள் கம்ப்யூட்டருக்கு விக்கல் வந்தது. அந்த விக்கல்தான் என்னைப் ‘பொருத்தம்’ என்கிற மனிதரிடம் கொண்டுபோய் விட்டது.

அம்பத்தூர் தொடங்கி ஆவடி வரை கல்யாணத் தரகர்கள் பதினேழு பேரை எனக்குத் தெரியும். அந்தப் பதினேழு பேரும் சேர்ந்து ஆயுசு முழுக்கப் பார்த்த பொருத்தத்தைவிட, கொரட்டூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து இந்த ஒரே மனிதர் பார்த்தது அதிகம். இத்தனைக்கும் அவர் தொழில் கம்ப்யூட்டர் ரிப்பேர்.

விக்கல் என்று நான் சொல்வது இதைத்தான். பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி இரண்டு வினாடி சுற்றும், நிற்கும். மறுபடி தானாகவே இரண்டு வினாடி சுற்றும், நிற்கும். திரையில் ஒன்றும் வராது. பதினான்கு முறை எண்ணிவிட்டு ஒயரைப் பிடுங்கினேன். ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பத்து நான்கு வருடம் நட்டும் போல்ட்டும் எண்ணியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு நட்டு இல்லையே தவிர, எண்ணுவது நிற்கவில்லை.

மற்ற நாளாக இருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். வியாழக்கிழமை மாலை ஆறரைக்கு என் மனைவி சரோஜாவுக்கு முதல் வகுப்பு. வெளிநாட்டில் வளரும் நான்கு குழந்தைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அறுபத்தாறு வயதில் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை. அணில், ஆடு, இலை என்று நாற்பத்து மூன்று படங்களை இரண்டு மாதம் உட்கார்ந்து கம்ப்யூட்டரிலேயே வரைந்து வைத்திருந்தாள். அன்று வகுப்பு நடக்காவிட்டால் வேறு டீச்சரைப் பார்த்துக்கொள்வதாக அந்தப் பெற்றோர் மரியாதையாகவே சொல்லியிருந்தார்கள்.

“என்னங்க, புது மதர்போர்டு மாட்டி இருபத்தாறு நாள்தானே ஆச்சு?” என்றாள் சரோஜா.

“இருபத்தாறுதான்.”

“நாளை மட்டும் சரியாச் சொல்லுங்க. பழைய எஸ்எம்பிஎஸ்ஸே போதும், எதுக்குத் தண்டச் செலவுன்னு சொன்னது யாருன்னும் சொல்லுங்க.”

சொன்னது நான்தான். எஸ்எம்பிஎஸ் என்பது சுவர்க் கரண்ட்டை வாங்கி உள்ளே இருக்கும் எல்லாருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும் தகரப் பெட்டி. ஒன்பது வருடம் உழைத்த பெட்டி, இன்னும் இரண்டு வருடம் உழைக்காதா என்று நினைத்தேன்.

கேஸ் சிலிண்டரை உருட்டும் சக்கரத் தட்டில் கம்ப்யூட்டரை ஏற்றி, போர்வையால் கட்டி, தெருவில் தள்ளிக்கொண்டு போனேன். வழியில் மூன்று பேர், “என்ன சார், சிலிண்டர் சதுரமா வருதா இப்போ?” என்று கேட்டார்கள்.

‘பொருத்தம்’ கடை ஆறடிக்கு நாலடி. அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. மூக்குக் கண்ணாடியின் ஒரு காலை ஒயர் டேப்பால் சுற்றியிருந்தார். அவருடைய நிஜப் பெயர் கடைப் பலகையில்கூடக் கிடையாது. மதர்போர்டு பொண்ணு, எஸ்எம்பிஎஸ் மாப்பிள்ளை, இது அவர் சித்தாந்தம். பொண்ணைப் பார்க்காமல் மாப்பிள்ளையை விற்க மாட்டார்.

எனக்கு முன்னால் ஒரு ஐடி கம்பெனிப் பையன் நின்றுகொண்டிருந்தான். பின்னால் ஸ்கூட்டரில் அவன் மனைவி.

“அண்ணே, ஒரு எஸ்எம்பிஎஸ் குடுங்க.”

“பொண்ணு எங்கே?”

பையன் முகம் வெளுத்துவிட்டது. ஸ்கூட்டரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “எந்தப் பொண்ணுண்ணே?” என்றான், மிக மெதுவாக.

“போர்டு மச்சான், போர்டு! இன்னா போர்டு, எத்தினி பின்னு? ஒண்ணும் சொல்லாம மாப்பிள்ளை குடுன்னா நான் எங்கேந்து குடுப்பேன்? ஊட்டுக்குப் போய் ஜாதகத்தை போட்டோ எடுத்துகினு வா.”

ஜாதகம் என்றால் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிள். பையன் பெருமூச்சு விட்டுக்கொண்டு போனான்.

ஜோடி சரியாகச் சேர்ந்தால் ஒரு டப்பாவிலிருந்து கற்கண்டு எடுத்துக் கொடுப்பது அவர் வழக்கம். பக்கத்திலேயே அதே அளவு டப்பாவில் ஸ்க்ரூ. அயனிங் கடைக்காரர் ஒருவர் ஸ்க்ரூவைக் கடித்துப் பல் ஆடிப்போன கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். “ராகு காலம், எமகண்டம் எல்லாம் பாக்க மாட்டேன். கரண்ட்டு இருக்குற நேரம்தான் நல்ல நேரம்” என்பதும் அவர் சொன்னதுதான்.

நான் ஒரு சந்தேகம் கேட்டேன். “மதர்னு பேர்லயே இருக்கே. அப்புறம் எப்படிப் பொண்ணு?”

“இன்னா சார் இப்போ? ரெண்டாம் கல்யாணம் பண்ணிக்கக் கூடாதா?”

என் கம்ப்யூட்டரைத் திறந்தார். போர்டில் சொருகியிருந்த பெரிய இருபத்து நான்கு பின் இணைப்பைக் கழற்றி, ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்து, அதில் பச்சை ஒயர் ஓட்டைக்கும் கறுப்பு ஒயர் ஓட்டைக்கும் பாலம் போட்டார். எஸ்எம்பிஎஸ் விசிறி ஜம்மென்று சுற்றியது.

“மாப்பிள்ளை தனியா நல்லாத்தான் கீறாரு.”

பிறகு என் போர்டில் தன்னுடைய டெஸ்ட் எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டினார். விக்கல் இல்லை, திரையில் எழுத்து வந்தது.

“பொண்ணும் நல்லாத்தான் கீது. ஒண்ணா வச்சா மட்டும் சண்டை. அப்போ பொருத்தம் இல்லேன்னு அர்த்தம்.” பழைய பெட்டியைத் திருப்பி லேபிளைக் காட்டினார். “மேல இன்னா எழுதி கீது?”

“நானூற்று ஐம்பது வாட்ஸ்.”

“கீழ பொடி எழுத்துல, பன்னண்டு வோல்ட்டுக்கு நேரா?”

“பதினான்கு ஆம்பியர்.”

“ரெண்டையும் பெருக்கு சார்.”

நூற்று அறுபத்தெட்டு. ஒன்பது வருடமாக என் வீட்டில் இருந்த லேபிள். அரிசி மூட்டையின் தையல்வரை எண்ணிய நான் அதைப் பெருக்கிப் பார்க்கவில்லை.

“பயோடேட்டாவுல சம்பளம் நாப்பத்தஞ்சாயிரம்னு போட்டு கீறான். கைக்கு வர்றது பதினாறாயிரத்து எண்ணூறு. பழைய பொண்ணு இதுல குடும்பம் ஓட்டிச்சு. இந்தக் காலத்துப் போர்டுக்கு சாப்பாடே பன்னண்டு வோல்ட்டுதான். அதான் சார் ரஜ்ஜு. அது தட்டிச்சுன்னா மீதி ஒம்போது பொருத்தம் இருந்தும் வேஸ்டு. அப்புறம் இத்தப் பாரு. பொண்ணு எட்டு பின் கேக்குது, இவரு நாலுதான் போட்டு கீறாரு. அரை வயிறு.”

கடையில் மூன்று எஸ்எம்பிஎஸ் இருந்தன. இரண்டுக்கு ரஜ்ஜு போதாது, மூன்றாவதற்கு ஒயர் எட்டாது என்று தர மறுத்துவிட்டார். சரியான மாப்பிள்ளை வெள்ளிக்கிழமைதான் வருமாம். வியாழக்கிழமை வகுப்பைச் சொன்னேன்.

“அவ்ளோதானே? அன்னிக்கு அஞ்சு மணிக்கு என் டெஸ்ட் பீஸைத் தூக்கிகினு நானே வரேன். அம்மா கிளாஸ் நடக்கும். போய்ட்டு வா சார்.”

ரிப்பேர்க்காரர்கள் சொல்லும் ஐந்து மணியை என் எழுபத்தோரு வருடத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அது ஏழாகும், நாளையாகும், சில சமயம் தை மாதமாகும். வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்து அம்பத்தூர் போய், நானே ஒரு புது எஸ்எம்பிஎஸ் வாங்கி வந்தேன். லேபிளைக் கடையிலேயே பெருக்கிப் பார்த்தேன். எட்டு பின் இருக்கிறதா என்று மூன்று முறை எண்ணினேன். இருந்தது.

வீட்டில் பழையதைக் கழற்றிப் புதியதை வைத்தேன். இருபத்து நான்கு பின் வெண்ணெய் போல இறங்கியது. எட்டு பின் மட்டும் முரண்டு பிடித்தது. புது வண்டி, புதுப் பூட்டு, எதுவும் முதலில் இறுக்கமாகத்தானே இருக்கும்? சமையலறையிலிருந்து பூரிக்கட்டையை எடுத்து வந்தேன்.

இரண்டு நாற்பதுக்குப் பொத்தானை அழுத்தினேன். ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம். விக்கல்கூட இல்லை. மறுபடி அழுத்தினால் அந்த ‘டிக்’கும் இல்லை.

‘பொருத்தம்’ போனுக்கு ஒன்பது முறை அடித்தேன். எடுக்கவில்லை. உள்ளே சரோஜா குக்கருக்கு எதிரில் நின்று, “அணில் எங்க இருக்கு? மரத்துல இருக்கு. எல்லாரும் சொல்லுங்க பாப்போம்” என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். குக்கர் விசில் அடித்தது. “வெரி குட்” என்றாள். அவளிடம் போய் உன் போர்டைக் கொன்றுவிட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கம்ப்யூட்டர் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிடம் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

நாலு ஐம்பத்தெட்டுக்கு வாசலில் மணி அடித்தது. கையில் டெஸ்ட் பீஸோடு அவர். சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால்.

“சாரி சார், பொண்ணு பாக்க சொல்லோ போனு எடுக்க மாட்டேன்” என்று சொல்லிக்கொண்டே துண்டை விலக்கினார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார்.

“இன்னா சார் பண்ணே?”

“எட்டு பின். எண்ணித்தான் மாட்டினேன்.”

“எட்டு கரெக்டுதான் சார். ஆனா இது வேற எட்டு.” ஒயர் முனையை விரலால் தொட்டுக் காட்டினார். ஆறு பின்னும் இரண்டு பின்னும் ஒட்டிக்கொண்டு எட்டாக இருந்தது. “இது கிராபிக்ஸ் கார்டுக்கு. அது மாமியார் மாதிரி. சில ஊட்ல இருக்கும், சில ஊட்ல இருக்காது. உன் ஊட்ல இல்ல. மாமியாருக்கு வச்ச லட்டை எடுத்துப் பொண்ணு வாயில திணிச்சிட்டே. இதுல கரண்ட்டு வர்ற மஞ்சள் இருக்குற எடத்துல, போர்டுல கறுப்பு, கிரவுண்டு. பொண்ணுக்குன்னு தனியா ஒண்ணு கீது பாரு.”

ஒயர்க் கட்டின் அடியில் கைவிட்டு இன்னொரு முனையை இழுத்தார். நாலு பின் ஒன்று, நாலு பின் இன்னொன்று, தனித்தனியாகக் கிடந்தன. நான் பார்த்திருந்தேன். நமக்கு வேண்டியது எட்டு, இது நாலுதானே என்று ஒதுக்கியிருந்தேன்.

“நாலும் நாலும் எவ்ளோ சார்?”

நான் பூரிக்கட்டையைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினேன்.

“சும்மா எறங்காதே இது. அடிச்சியா?”

“பூரிக்கட்டையால், லேசாக. இரண்டு தட்டு.”

“ரெண்டா?” சரோஜா எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை. “நாலு சத்தம் கேட்டுது.”

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. தப்பான இணைப்பைப் பல் பிடுங்குவது போல மெதுவாக ஆட்டி எடுத்தார். சுவர் ஒயரைப் பிடுங்கி, சிறிது நேரம் விட்டார். பிறகு பேப்பர் கிளிப். புது விசிறி சுற்றியது.

“மாப்பிள்ளை புத்திசாலி. தப்புன்னு தெரிஞ்ச ஒடனே மயங்கி விழுந்துட்டாரு. பொண்ணு எப்படி கீதுன்னு பாப்போம்.”

நாலையும் நாலையும் சேர்த்துப் பிடித்து அழுத்தினார். பூரிக்கட்டை தேவைப்படவில்லை. பொத்தானை சரோஜாவையே அழுத்தச் சொன்னார். விசிறி சுற்றியது. இரண்டு வினாடி. நின்றது.

நான் ஒயரைப் பிடுங்கக் குனிந்தேன்.

“பொறு சார். புது எடம். முதல்ல எட்டிப் பாக்கும், வெக்கப்பட்டு உள்ள போவும், அப்புறமா வரும்.”

நான் எண்ணினேன். ஆறாவது வினாடியில் மறுபடி சுற்றியது, நிற்கவில்லை. ‘பீப்’ என்று ஒரு சத்தம். ஐந்து இருபத்தொன்றுக்குத் திரையில் சரோஜா வரைந்த அணில் வந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காபி போடப் போய்விட்டாள்.

ஆறரைக்கு வகுப்பு தொடங்கியது. அவர் கிளம்பவில்லை. டெஸ்ட் பீஸை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். “நடுவுல எதனா ஆச்சுன்னா? அம்மா முடிக்கட்டும்.” அறைக் கதவுக்குப் பின்னால் நான்கு சின்னக் குரல்கள் ‘அனில்’ என்றன. “அணில், நாக்கை மடிச்சுச் சொல்லுங்க” என்றாள் சரோஜா.

சும்மா இருக்க முடியாமல், “உங்க கல்யாணத்துக்கு எத்தனை பொருத்தம்?” என்று கேட்டேன்.

“ரெண்டு.”

“ரஜ்ஜு?”

“அது இல்ல. ஜோசியர் நோட்டை மூடிட்டு எழுந்துட்டாரு சார். நானும் அவளும் ஊட்ல சொல்லாம போய் மாலை மாத்திகினோம். பதினெட்டு வருசம் ஆவுது. ஒரு நாளு கூட டிரிப் ஆவல.”

“அப்புறம் மிஷினுக்கு மட்டும் ஏன் இத்தனை பார்க்கறீங்க?”

“மனுசாளுக்கு விட்டுக் குடுக்கத் தெரியும் சார். மிஷினுக்குத் தெரியாது. அதுக்கு நாமதான பாக்கணும்?”

ஏழு பத்துக்கு வகுப்பு முடிந்தது. எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டேன். மாப்பிள்ளை நான் வாங்கியது, தான் சேர்த்து வைத்தது மட்டும்தான், அதனால் மொய் எழுதினால் போதும் என்றார். நூற்றியொரு ரூபாயைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

சரோஜாவிடம் இப்போது பதினோரு குழந்தைகள் படிக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அதுதான் சங்கடம், ஒன்றும் கெடாதபோது என்ன சொல்லிக்கொண்டு அந்த மாடிப்படிக்கு அடியில் போய் உட்காருவது? அதனால் போகும்போதெல்லாம் ஒரு ஒயர் வாங்கி வருகிறேன். எங்கே மாட்டப் போகிறாய் என்று அவர் கேட்பதில்லை. இதுவரை ஏழு ஒயர் ஆகிவிட்டது, ஏழும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கின்றன. சரோஜாவும் எண்ணிப் பார்த்துவிட்டாள். எஸ்எம்பிஎஸ், ஆட்டோ, மொய், அந்த ஏழு ஒயர், எல்லாம் சேர்த்துக் கல்யாணச் செலவு மூவாயிரத்து இருநூற்று ஐம்பத்தொரு ரூபாய்.