தூக்கணாங்குருவி போட்ட தடை மனு

ஒரு காட்டில் வணிக விசாரணை ஆணையம் என்று ஓர் ஆபீஸ் இருந்தது. சிரிக்காதீர்கள், ஆபீஸ் என்ன மனுஷனுக்கு மட்டும் எழுதிவைத்ததா?

அந்தக் காட்டில் கூடு பின்னி விற்றுப் பிழைத்தான் சடையப்பன் என்ற தூக்கணாங்குருவி. மழைக்கு முன்னால் நடக்கிற வியாபாரம்தான் அவனுக்கு வருஷத்துச் சோறு. அதில் மண்ணள்ளிப் போட்டான் மச்சக்காளை என்ற குரங்கு. பக்கத்துக் காட்டிலிருந்து மட்டமான கூடுகளை மூட்டை மூட்டையாக இறக்கி, அடிமாட்டு விலைக்கு விற்றான்.

சடையப்பன் ஆணையத்தில் புகார் கொடுத்தான். விசாரணை முடிவதற்குள் மழையே முடிந்துவிடும் என்றார்கள். அடித்துப் பிடித்து, அதுவரை அந்தக் கூடுகளை விற்கத் தடை கேட்டு ஒரு மனு எழுதிக்கொண்டு ஓடினான்.

பதிவாளர் நாரையார் மனுவைத் தொடக்கூட இல்லை. நின்ற காலை மாற்றிக்கொண்டு, "எதிராளிகிட்ட பேசினியா?" என்றார்.

"எதுக்குங்கய்யா?"

"விதிப்பா. எந்த மனுவா இருந்தாலும் முதல்ல எதிராளியோட பேசணும். 'பேசினோம், ஒத்துவரலை'ன்னு எழுதிட்டு வந்தாத்தான் வாங்குவேன்."

மச்சக்காளைக்கு இந்த விதி அத்துப்படி. குருவியைக் கண்டாலே அடுத்த மரத்துக்குத் தாவினான். "இன்னிக்கு முடியாது தம்பி, நாளைக்கு வா!" நாளைக்கும் அதே பாட்டுத்தான். அலைந்து அலைந்து சடையப்பனுக்குச் சிறகு ஓய்ந்துபோனது.

"அய்யா, அவன் பிடி கொடுக்க மாட்டேங்கிறான். பேசாமலே மனுவை வாங்கிக்கச் சொல்லி இன்னொரு மனு போடட்டுங்களா?"

"தாராளமா போடு. அதுவும் மனுதானே? அவன்கிட்ட பேசிட்டு வா."

சடையப்பன் அங்கேயே அழுதுவிட்டான். பாவம், யாருக்குத்தான் வயிறு எரியாது?

இதற்கிடையில், புகாருக்குப் பதில் தர மச்சக்காளைக்குக் கொடுத்த கெடு நெருங்கியது. வியாபார மும்முரத்தில் அவன் ஒரு வரி எழுதவில்லை. அவகாசம் கேட்டு மனு போடப் போனான்.

"எதிராளிகிட்ட பேசினியா?" என்றார் நாரையார்.

அப்படி வா வழிக்கு! இப்போது மச்சக்காளை குருவியைத் தேடி அலைந்தான். சடையப்பனின் கூடு முள்மரத்தில், நுனிக்கிளையில் தொங்கியது. குரங்கு ஏற முடியாது. கீழே நின்று கெஞ்சினான்.

"சடையப்பா! ஒரே ஒரு வார்த்தை பேசணும், வெளியே வாப்பா!"

அவன் அவகாசம் கேட்கத்தான் அலைகிறான் என்று சடையப்பன் கேள்விப்பட்டிருந்தான். கெடு முடியும்வரை யார் கூப்பிட்டாலும் தலையை நீட்டுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டான். கெடு என்றைக்கு என்று மட்டும் அவன் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

கெடு கடந்தது. பதில் வராததால் ஆணையம் குருவி பக்கமே தீர்ப்பு எழுதியது. மச்சக்காளை இனி ஒரு கூடுகூட விற்கக் கூடாது! ஆனால் விதி ஒன்று பாக்கி இருந்தது. புகார் கொடுத்தவர் நேரில் வாங்கிக்கொண்டால்தான் உத்தரவு செல்லும்.

நாரையாரே உத்தரவோடு முள்மரத்தடிக்கு வந்தார். "சடையப்பா! ஒரே ஒரு வார்த்தை பேசணும், வெளியே வாப்பா!"

சடையப்பன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். 'அடேய் குரங்கே, குரலை மாத்தினா ஏமாந்துடுவேனா?'

நாரையார் தொண்டை வற்றக் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு 'புகார்தாரர் இருப்பிடத்தில் இல்லை' என்று எழுதிக் கோப்பை மூடினார். அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. மச்சக்காளை கடையில் கூடு வாங்க வந்த கூட்டத்துக்கு நிற்க இடமில்லை.

நீதி: நியாயம் ஒருநாள் வீடு தேடி வரும். அன்றைக்காவது கதவைத் திறந்து தொலையுங்கள்.