அன்ஸ்வார் கேட்ட குருசுமுத்து

1988ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பதேகால் மணிக்கு, மன்னாரைச் சேர்ந்த திரு. குருசுமுத்து பதினோராவது தடவையாகத் தமது கேள்வியை டென்மார்க்கின் நகரசபை அலுவலகம் ஒன்றில் சமர்ப்பித்தார். ஹேர்னிங்கிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலத்தில் போய்விடக்கூடிய சிறு நகரம் அது. அந்த நகரசபையார் மனம் நோகக்கூடாது என்பதால் ஊரின் பெயர் வேண்டாம்.

கேள்வி சிறியது. மனைவி மேரிசெலினும் மகள் அஜந்தினியும் மன்னாரில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட முந்திய வருடமே விண்ணப்பித்தாயிற்று. அகதியாக ஏற்கப்பட்டவர் குடும்பத்தைக் கூப்பிடலாம் என்று சட்டம் சொல்லியது. அவர்கள் எப்போது வருவார்கள்?

குருசுமுத்து ஊரில் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். பஸ் எப்போது வரும் என்று சனம் கேட்கும். "வரும்" என்பார். அதனால் அரசாங்கத்தின் பதில் ஒன்று எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவருக்குப் பெரிய எதிர்பார்ப்புகள் கிடையாது. யாராவது "வரும்" என்று சொல்லியிருந்தால் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பார்.

அவருடைய அலுவலர் திருமதி பியர்த்தா நல்ல மனுசி. விண்ணப்பம் தலைநகரத்தில் கிடந்தது. அதன் நிலை அவருக்குத் தெரியாது. முந்திய வருடமாக இருந்தால் தெரியாது என்றே சொல்லியிருப்பார். ஆனால் அந்த மாரியில் நகரசபை தன் ஊழியர்களை எல்லாம் வைலேயில் கடலேரி பார்த்த ஹோட்டல் ஒன்றுக்கு அனுப்பி, இரண்டு நாள் கருத்தரங்கு நடத்தியிருந்தது. அதற்குப் பிறகு "தெரியாது" என்பது பழைய பாணியாகிவிட்டது. திருமதி பியர்த்தா நெஞ்சிலே கைவைத்து, கருத்தரங்கில் பழகிய குரலில் சொன்னார்:

"டு ஹா செல் அன்ஸ்வார்."

உனக்கே பொறுப்பு இருக்கிறது என்பது அதன் பொருள். நாலைந்து டெனிஷ் சொற்களை விட்டால், குருசுமுத்துவிடம் அப்போது இருந்தது டிப்போ இங்கிலீஷ் மட்டும்: டைம், லேட், பிரேக்டவுன், கான்சல், ஆன்சர். கடைசிச் சொல்லை அவருடைய காது பிடித்துக்கொண்டது.

வீட்டில் அவரோடு ஒரே அறையில் குடியிருந்தவர் நிக்கலஸ். யாழ்ப்பாணத்தில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்ததாகச் சொல்லிக்கொள்பவர். நாளைக்கு லண்டனுக்குப் போகிறவர். நாலு வருடமாக நாளைக்குப் போய்க்கொண்டிருந்தார். அதனால் டெனிஷ் படிக்கவில்லை. ஐம்பது லட்சம் பேர் கதைக்கிற பாசையைப் படித்து லண்டனில் யாரோடு கதைக்கிறது என்று கேட்பார்.

"பதில் என்னட்டைதான் இருக்காம், தம்பி" என்றார் குருசுமுத்து.

"என்னெண்டு சொன்னவ?"

"அன்ஸ்வார்."

"ஓம், ஆன்சர்தான். இங்கிலீசிலையிருந்து களவெடுத்த பாசை, அண்ணை. எழுத்துப்பிழையோடை களவெடுத்திருக்கிறாங்கள்."

ஒரு அரசாங்கம் பதில் உன்னிடம் இருக்கிறது என்று சொன்னால், அது வீட்டில்தான் எங்கேயோ இருக்க வேண்டும். இருவரும் தேடினார்கள். தபால்பெட்டி, கட்டிலின் அடி, அலுமாரியின் பின்புறம் எல்லாம் பார்த்தார்கள். சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள்களை ஒவ்வொன்றாக உதறினார்கள். பன்றியிறைச்சி மலிவு என்பதற்கு மேல் அவற்றில் எதுவும் இல்லை.

அடுத்த திங்கள் குருசுமுத்து தெரிந்த டெனிஷை எல்லாம் கூட்டி, தன்னிடம் அன்ஸ்வார் இல்லை என்று நேர்மையாக அறிவித்தார். "விண்ணப்பதாரர் பொறுப்பை மறுக்கிறார்" என்று திருமதி பியர்த்தா எழுதிக்கொண்டார். கவலையோடு, உனக்கு என்னதான் வேண்டும் என்றும் கேட்டார்.

"அன்ஸ்வார் வேணும்" என்றார் குருசுமுத்து. "கெதியா வேணும்."

திருமதி பியர்த்தா பேனையைக் கீழே வைத்தார். பதினெட்டு வருட சேவையில், பொறுப்பு வேண்டும் என்று யாரும் அவரிடம் கேட்டு வந்ததில்லை. தளபாடம் கேட்டிருக்கிறார்கள், மாரிச் சப்பாத்து கேட்டிருக்கிறார்கள். சக ஊழியர்களைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லும்படி குருசுமுத்துவைக் கேட்டார். அவரும் சொன்னார். ஒரு பெண்ணுக்குக் கண் கலங்கியது. பதில் கிட்டத்தில் வந்துவிட்டது என்று குருசுமுத்துவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தக் கிழமையே அவருக்குச் சைக்கிள் கொட்டகையின் சாவி கிடைத்தது.

அவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதில் கொட்டகைக்குள் இருக்கலாம் என்று நிக்கலஸ் அபிப்பிராயப்பட்டார். திறந்து பார்த்தார்கள். சைக்கிள்கள் இருந்தன. குருசுமுத்து திரும்பிப் போய், இது போதாது, இன்னும் அன்ஸ்வார் வேண்டும் என்றார். பனி தள்ளும் மண்வெட்டியைக் கொடுத்தார்கள். மறுபடியும் போனார். படிக்கட்டு மின்குமிழ்களைக் கொடுத்தார்கள். ஆவணி முடிவதற்குள் அந்தத் தொடர்மாடியின் உடுப்புத் துவைக்கும் அறையும் அவரிடம் வந்தது. "பொறுப்பாளர்: குருசுமுத்து" என்று டெனிஷில் எழுதிய அட்டை அவருடைய வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டது. அவர் பத்துத் தடவை பதில் கேட்டார். பத்துத் தடவையும் வேலை கிடைத்தது. சம்பளம் பற்றி யாரும் பேசவில்லை. பேசுவது அந்த உணர்வைக் கெடுத்துவிடும் என்று கருதப்பட்டது.

இடையில் அவரைப் பொறுப்புணர்வுப் பயிற்சி வகுப்புக்கும் அனுப்பினார்கள். வந்தேறியவர்கள் டெனிஷ் கற்க வேண்டியது ஏன் என்ற விரிவுரை, எல்லோருக்கும் விளங்க வேண்டும் என்பதால் இங்கிலீஷில் நடந்தது. விரிவுரையாளர் ஒரு வருடம் அமெரிக்காவில் இருந்தவர். அது வீணாகப் போவதை அவர் விரும்பவில்லை. அன்ஸ்வார் என்ற சொல்லின் ஆழம் மட்டும் வேறு மொழியில் வராது என்று அதை டெனிஷிலேயே சொன்னார். முன்வரிசையில் நிக்கலஸ், இப்படி ஒரு டெனிஷ் வகுப்பை வாழ்நாளில் கண்டதில்லை என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளூர்ப் பத்திரிகை குருசுமுத்துவை மண்வெட்டியோடு படம் பிடித்தது. படத்தைப் பார்த்து, தலைநகரத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி அவரோடு கைகுலுக்க வந்தார். எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை. குருசுமுத்து அந்தக் கையை விடவில்லை.

"என் மனைவியின் விண்ணப்பம். அன்ஸ்வார் உங்களிடமா?"

அதிகாரி ஓரடி பின்னால் போனார். கை குருசுமுத்துவிடம் அகப்பட்டிருந்தது.

"என்னிடம் இல்லை" என்றார். "என்னிடம் ஒருபோதும் இருந்ததில்லை. மேலிடத்தில் கேளுங்கள்."

அன்று இரவு குருசுமுத்து நிக்கலஸிடம் அந்த மனிதரைப் பாராட்டினார். இவ்வளவு காலத்தில் உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தானாம்.

மன்னாரிலிருந்து மேரிசெலின் எழுதினாள். அஜந்தினி ஊரில் யார் மீசை வைத்திருந்தாலும் அப்பா என்று கூப்பிடுகிறாளாம். இது தொடர்ந்தால் மானம் போய்விடுமாம். குருசுமுத்து மீசையைத் தடவிப் பார்த்துவிட்டுப் பனி தள்ளப் போனார்.

1989 தை மாதத்தில் விசயம் வெளித்தது. மேல்மாடித் திருமதி யென்சன் தன் மகனுக்காகப் பின்னிய கம்பளி ஸ்வெட்டரை மெஷினில் போட்டு, "உல்ட்" என்ற இடத்துக்குத் திருகிவிட்டு வீட்டுக் கதவைப் பூட்டப் போயிருந்தார். உல்ட் என்றால் கம்பளி. அந்த நேரம் பார்த்து நிக்கலஸ் தன் ஜீன்ஸோடு வந்தார். ஓல்ட் என்பதைத்தான் பிழையாக எழுதியிருக்கிறார்கள், இது பழைய உடுப்புக்கான இடம், தன்னுடையதோ புது ஜீன்ஸ் என்று யோசித்து, அதையும் உள்ளே போட்டுத் தொண்ணூறு பாகைக்குத் திருகிவிட்டார். ஸ்வெட்டர் வெளியே வந்தபோது மகனின் வயது பெருமளவு குறைந்திருந்தது.

திருமதி யென்சன் அதைத் தூக்கிக்கொண்டு குருசுமுத்துவின் கதவைத் தட்டினார். அட்டையில் பொறுப்பாளர் என்ற டெனிஷ் சொல்லைக் காட்டினார்.

"நீ அன்ஸ்வார்லி. ஆகவே எனக்கு ஒரு ஸ்வார் வேண்டும்."

குருசுமுத்து ஸ்வெட்டரையும் அந்த முகத்தையும் பார்த்தார். இந்த மனுசிக்கு என்ன வேண்டும் என்பது மொழி தெரியாதவனுக்கும் விளங்கும். பதில் வேண்டும். அப்படியானால் பதில் என்பது ஸ்வார். அன்ஸ்வார் என்பது கதவில் ஒட்டியிருக்கிற மற்றது.

"தம்பி" என்றார் உள்ளே பார்த்து. "ஒரு வருசமா நான் பதில் கேக்கேல்லை. பொறுப்புக் கேட்டிருக்கிறன்."

"தந்தவங்கள்தானே?" என்றார் நிக்கலஸ்.

குருசுமுத்து ஒரு மாதம் இருந்து டெனிஷ் படித்தார். மாசி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்று, ஒன்பதேகாலுக்கு, திருமதி பியர்த்தாவின் முன்னால் பிழையில்லாத டெனிஷில் பேசினார். என் விண்ணப்பம் ஒரு வருடத்துக்கு மேல் கிடக்கிறது. சட்டம் எனக்கு உரிமை தருகிறது. எனக்கு ஸ்வார் வேண்டும்.

திருமதி பியர்த்தா கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்கள் இப்படிப் பேசுகிறவர் இல்லையே, குருசுமுத்து."

"முன்பு பிழையாகப் பேசினேன்."

"முன்பு அழகாகப் பேசினீர்கள். இப்போது உரிமை பேசுகிறீர்கள்."

இனிமேல் தப்பபிப்பிராயம் வராமல் இருக்க இங்கிலீஷிலேயே பேசிக்கொள்ளலாம் என்று அவர் அன்பாக ஆலோசனை சொன்னார். "மொழியில் முன்னேற்றம், மனப்பான்மையில் பின்னடைவு" என்று எழுதினார். சைக்கிள் கொட்டகைச் சாவி திருப்பி வாங்கப்பட்டது. உடுப்பறையை எடுத்துக்கொள்ள வேறு யாரும் முன்வராததால் அது அவரிடமே இருந்தது.

தலைநகரத்தில் தமிழரின் விண்ணப்பங்கள் அடியில் தள்ளி வைக்கப்பட்டிருந்தது பிறகுதான் வெளியே வந்தது. பத்திரிகைகள் கத்தின, விண்ணப்பக் கட்டு அசைந்தது. மேரிசெலினுக்கு அனுமதி வந்தது. குருசுமுத்து அழகாகப் பேசியதற்கும் பிழையில்லாமல் பேசியதற்கும் அதில் எந்தப் பங்கும் இல்லை.

1989 மார்கழியில், வைலே ரயில் நிலையத்தில், மேரிசெலின் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ஏனப்பா இவ்வளவு காலம்?"

"பதில் தேடினனான்."

"இவ்வளவு காலமுமா?"

"இடையிலை உடுப்புத் தோய்க்கிற அறையையும் பாத்தனான்."

அஜந்தினி தாயின் சேலைக்குப் பின்னால் நின்று, இவர் யார் என்று கேட்டாள்.

"அப்பா" என்றாள் மேரிசெலின். "இந்த நாட்டிலை உடுப்பறைக்குப் பெரியவர்."

திருமதி யென்சன் வேண்டாமென்று விட்டுப்போன ஸ்வெட்டர் அஜந்தினிக்கு அளவாக இருந்தது.

1993 தை மாதம் 14ஆம் திகதி, அந்த விண்ணப்பங்கள் பற்றிய விசாரணை அறிக்கை வெளிவந்தது. அரசாங்கம் பதவி விலகியது. அன்று மாலை தொலைக்காட்சியில் ஆளுக்காள் அன்ஸ்வார் என்றார்கள். அது யாரிடம் இருந்தது என்பதில்தான் தகராறு.

"நாடு முழுக்க அதைத்தான் தேடுது" என்றாள் மேரிசெலின். "உங்கடை கதவிலை எல்லோ ஒட்டிக்கிடக்கு."

குருசுமுத்துவின் டெனிஷைக் கேள்விப்பட்டு, நகரசபை அவரைப் புதிதாக வருகிறவர்களுக்கான ஆலோசகராக நியமித்தது. வைலேயில் இரண்டு நாள் கருத்தரங்கும் கொடுத்தது. நிக்கலஸ் தன் பிரிவுபசாரத்துக்குக் கேக் கொண்டுவந்தார். நாளைக்கு லண்டனுக்குப் போவதாக இருந்தார்.

1993 பங்குனி 8ஆம் திகதி, திங்கட்கிழமை, காலை ஒன்பதேகால் மணிக்கு, பொஸ்னியாவிலிருந்து வந்த செனாத் என்பவர், தன் மனைவி எப்போது வருவாள் என்று கேட்டார். குருசுமுத்துவுக்கு அது தெரியாது. அவர் நெஞ்சிலே கைவைத்தார்.

"டு ஹா செல் அன்ஸ்வார்."

செனாத்துக்குக் கொஞ்சம் ஜெர்மன் தெரியும். அதில் பதிலுக்கு அன்ட்வோர்ட் என்று பெயர். அவர் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், தபால்பெட்டியைத் திறந்து பார்த்தார்.