உள்ளே ஆள் இருக்கிறது

கோபத்திலும் குறையாத பாசமுள்ள அக்காவுக்கு, தம்பி வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் நலம். உன் கண் எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு முகமில்லை.

போன் பண்ணினாலும் எடுக்க மாட்டேன் என்று நீ மெயிலில் எழுதிவிட்டதால், ஒரு ஆபீஸின் மெயில் சர்வரையே கட்டி மேய்க்கிற நான் காகிதத்தில் எழுதுகிறேன். சிரிக்காதே. மெயில் பெட்டியில் கடிதம் போடுகிற புரோகிராம், போடும்போது "உள்ளே ஆள் இருக்கிறது" என்று ஒரு பூட்டு ஃபைலை வைக்கும், முடிந்ததும் எடுத்துவிடும், ரயில் கழிப்பறைத் தாழ்ப்பாள் மாதிரிதான், என் பெட்டியில் அது பூட்டு வைத்த கையோடு மயங்கி விழுந்துவிட்டது, பின்னால் வந்தவை எல்லாம் வெளியே வரிசையில் நின்றன. பழைய பூட்டுகளைக் கழற்ற ஒரு காவல்காரப் புரோகிராமும் உண்டு, ஆனால் எங்கள் இரண்டு மெஷின்களில் ஒன்றின் கடிகாரம் ஒரு வாரம் முந்தி ஓடுகிறது, அது வைத்த பூட்டில் அடுத்த வாரத் தேதி, இன்னும் வைக்கவே வைக்காத பூட்டு எப்படிப் பழசாகும் என்று காவல்காரன் தன் பாட்டுக்குப் போய்விட்டான், நானும் மெயிலே வரலியே, அக்கா சௌக்கியமாத்தான் இருப்பான்னு நிம்மதியா காபி குடிச்சிட்டிருந்தேன்.

இன்று பூட்டைக் கழற்றினேன். உன் கடிதங்கள் மூன்று. தேதிப்படி கடைசியாக வந்ததுதான் மேலே நிற்கும். மேலே நின்றது, "ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா உனக்கு? போன் பண்ணினாலும் எடுக்க மாட்டேன், இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்." அதற்குக் கீழே, வெள்ளிக்கிழமை கண் ஆபரேஷனுக்குத் துணைக்கு வருவாயா என்று ஒன்று. அடியில், என் முதுகுவலியை விசாரித்து ஒன்று.

ஒருத்தர் பேசாமல் இருந்தால் மனசில்லை என்றே நினைத்துவிடுகிறோம். காதில் விழவே இல்லையோ என்று தோன்றுவதில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை, உன் இடத்தில் நானாயிருந்தால் இன்னும் மோசமாகத் திட்டியிருப்பேன். வெள்ளிக்கிழமை வராந்தாவில் உட்காரவாவது விடு. கண்ணில் கட்டுப் போட்டிருப்பார்கள், என் மூஞ்சியில் முழிக்க வேண்டிய கஷ்டம் உனக்கு இருக்காது.

உன் பார்வை பளிச்சென்று திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது என் மனைவி கேட்டாள், "பூட்டுல தேதி தப்புன்னா, அதே மெஷின் வழியா வந்த லெட்டர்ல மட்டும் சரியா இருக்குமா?" முந்தி ஓடுகிற மெஷின் வழியாக வந்தது மேலே நின்ற கடிதம் மட்டும்தான், அதன் தேதியில் அந்த ஒரு வாரத்தைக் கழித்துப் பார்த்தேன். நீ திட்டியதுதான் முதல் கடிதம். அதைப் போடும்போதுதான் புரோகிராம் மயங்கியிருக்கிறது, பாவம். அப்புறம் நீயே ஆறிப்போய் முதுகுவலி விசாரித்திருக்கிறாய். கடைசியாக எழுதியது ஆபரேஷன் கடிதம், அதை நான் பயத்தில் முழுக்கப் படிக்கவே இல்லை. அதன் கடைசி வரி, "நீ பதில் போடலேன்னாலும் வந்துடுவேன்னு, ஆஸ்பத்திரியில துணைக்கு உன் பேரைத்தான் குடுத்திருக்கேன்."

இதைத் தபாலில் போடவில்லை. கையிலேயே கொண்டுவருகிறேன். கட்டுப் பிரித்ததும் படி.