சொராச்சி ஏஸ் பூவுக்கு எதிராகப் பத்து ஓட்டு

மாக்ஸி, வாஷிங்டன்
அக்டோபர் 11

அன்பு மைத்துனன் நார்மண்ட் சாரோனுக்கு,

உன் அக்காள் புருஷன் கில்பர்ட் பாட்நோட் எழுதிக்கொண்டது. இங்கே என் இடது முழங்கால் நீங்கலாக எல்லோரும் சுகம். அரிசோனாவில் நீயும் டோரீனும், டோரீனின் நெஞ்சும் சுகம் என்பதை ஞாயிறு தவறாமல் உன் அக்காள் லொரெய்ன் ஃபோனில் கேட்டு என்னிடம் ஒப்பித்துவிடுவதால் நான் தனியாக விசாரிக்கவில்லை. உன் நினைப்பு வந்து இதை எழுதுகிறேன் என்று நீ எண்ணிக்கொள்ளக் கூடாது. நம் பீர் காய்ச்சுவோர் சங்கத்தில் உனக்குச் சம்பந்தமுள்ள ஒரு தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. முன்னாள் உறுப்பினருக்கு அதைத் தெரிவிப்பது முறை. விஷயம் அவ்வளவுதான்.

ஆகஸ்டுக் கூட்டத்தில் பியாட்ரிஸ் ஒலிவாஸ் எழுந்து நின்றாள். நீ போனபிறகு அவள்தான் தலைவி. பீருக்குக் கசப்பும் வாசமும் ஏற்றும் ஹாப் பூவின் கிடங்கில் மூட்டை எடைபோடும் வேலையில் இன்னும் இருப்பதால் அந்த உரத்த குரல் அப்படியே இருக்கிறது. "அவங்கவங்களுக்குப் புடிச்ச ஹாப் பூவைப் போட்டுக் காய்ச்சிக் கொண்டாந்து பீத்திக்கிட்டது போதும். இந்தத் தடவை எந்தப் பூ புடிக்கலையோ அதைப் போட்டுக் காய்ச்சுங்க. எல்லாருக்கும் ஒரே பார்லி, ஒரே தண்ணி, ஒரே ஈஸ்ட். பூ மட்டும்தான் வேற. பேர் எழுதாத கோப்பையில ஊத்திக் குடிச்சுட்டு, எது படு மோசம்னு ஓட்டுப் போடுவோம்" என்றாள். பீர் காய்ச்சுகிறவனிடம் பிடித்த பூ எது என்று கேட்டால் தலையைச் சொறிவான். பிடிக்காத பூ எது என்று கேட்டுவிட்டால் அவன் வாயை மூட ஊரே திரண்டு வரவேண்டும். சம்மிட் பூவில் வெங்காய வாடை என்றான் ஒருவன். சினூக் போட்ட பீர் பைன் மரத்தை நக்குவது மாதிரி என்றான் இன்னொருவன். கிளஸ்டர் பூவென்றால் பூனை மூத்திரம் என்று பின்வரிசையில் யாரோ சொன்னான், என் தாத்தா இதே பள்ளத்தாக்கில் வளர்த்த பூவை. நான் பொறுத்துக்கொண்டேன். "உனக்கு எது, கில்?" என்று பியாட்ரிஸ் கேட்டாள். யோசிக்காமல் "சொராச்சி ஏஸ்" என்றேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அது யாருடைய பூ என்று அங்கே தெரியாதவர் யார்?

இருபத்திரண்டு வருஷம், நார்ம். ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை என் கராஜில் நீயும் நானும் அண்டா ஏற்றினோம், அந்தப் பூ ஆகாது என்று நானும் உன்னிடம் சொல்லாத நாளில்லை. நீ அந்த ஜப்பான் பூவை அள்ளிப் போட்டுவிட்டு, "அத்தான், எலுமிச்சம்பழ வாசம் தூக்குதா இல்லையா?" என்பாய். "எலுமிச்சம்பழம் இல்ல மாப்ளே, சதகுப்பை. வெள்ளரிக்கா ஊறுகாய் ஜாடி கழுவுன தண்ணி" என்பேன். "உங்க நாக்கு கால்வாயில மதகு திறந்து திறந்து சேறு படிஞ்ச நாக்கு" என்பாய். முப்பது வருஷம் பாசனக் கால்வாயில் வேலை பார்த்தவனை அப்படிச் சொல்லலாமா என்று நான் சண்டைக்கு வருவேன். உன் அக்காள் சாண்ட்விச் தட்டோடு வந்து, "ரெண்டு பேரும் இப்ப சாப்பிடுறீங்களா, இல்ல நாய்க்குப் போடவா?" என்பாள். அதெல்லாம் ஒன்றும் இல்லை. ஆனால் போன வருஷம் மே மாதம், டோரீனின் நெஞ்சுக்காக நீங்கள் அரிசோனாவுக்குக் குடிபோக வண்டியில் சாமான் ஏற்றி முடித்த அன்று, உன் கையால் ஊற்றிய கடைசிக் கோப்பையை என்னிடம் நீட்டினாயே, அப்போது நான், "நல்லவேளை, இனிமே இந்த ஊறுகாய்த் தண்ணியைக் குடிக்கிற தண்டனை எனக்கு இல்ல" என்று சொல்லியிருக்க வேண்டாம். எப்போதும் சொல்வதைத்தான் சொன்னேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நீ சிரிக்கவில்லை. கோப்பையை வேலிக் கட்டைமேல் வைத்துவிட்டுப் போய் வண்டியைக் கிளப்பினாய். அதற்குப்பிறகு பதினேழு மாதமாக நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பெண்கள் பேசுகிறார்கள்.

இருக்கட்டும், தீர்மானத்துக்கு வருகிறேன். நான் அந்தப் பூவை வாங்கிவந்து செப்டம்பர் முதல் சனிக்கிழமை தனியாகவே காய்ச்சினேன். ஆள் துணை தேவைப்படவில்லை. அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கும்போது மட்டும் அந்தப் பக்கக் காதைப் பிடிக்க ஆளில்லாததால், பழக்கதோஷத்தில் "பிடிச்சுட்டியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, என் பக்கத்தை மட்டும் தூக்கினேன். பாதிக் கஷாயம் கராஜ் தரையில் போயிற்று. இனிப்பு வாடைக்குப் பக்கத்து வீட்டு வெள்ளாடு வேலியைத் தாண்டி வந்தது. உனக்கு அந்த ஆட்டைத் தெரியும், லொரெய்னின் தோட்டக் கையுறையையும் தேவாலயத்து அறிவிப்புப் பலகையில் பாதியையும் தின்ற ஆடு. அது தரையை ஒரு இழுப்பு நக்கிற்று. கஷாயம் பிடித்துப்போய் வாலை ஆட்டிக்கொண்டு அந்தப் பூ இருந்த பையில் மூக்கை நுழைத்தது. ஒரு தும்மல் போட்டது, திரும்பி நடந்து போய்விட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வந்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "பாத்தியா மாப்ளே, ஆட்டுக்கே புடிக்கல!" என்று சத்தமாகச் சொன்னேன். கராஜில் யாரும் இல்லை. அப்புறம் துடைப்பத்தை எடுத்துத் தரையைப் பெருக்கினேன்.

மிஞ்சியதை வாளியில் ஊற்றி மூடிவைத்தேன். நீ இருந்தால் காற்றுப் போகும் குழாயைத் தினமும் பார்ப்பாய். நான் பார்க்கவில்லை. பூத்தூள் குழாயை அடைத்து, நாலாம் நாள் பீரங்கி மாதிரி மூடி பறந்து, பச்சை நுரை மேற்கூரையெல்லாம் அப்பிக்கொண்டது. அங்கே ஆணியில் மாட்டியிருந்த உன் அக்காளின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டிலும் அப்பியது என்பது எங்களுக்குத் தேவாலயத்தில்தான் தெரிந்தது. பிரார்த்தனையின் நடுவில் முன்வரிசை அம்மாள் திரும்பி, "லொரெய்ன், இந்த வருஷம் ஊறுகாய் சீக்கிரமே போட்டுட்டியா?" என்று கேட்டாள். வீடு வரும்வரை லொரெய்ன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வாசலில் இறங்கியதும் கோட்டைக் கழற்றி முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நான் தலையைக் குனிந்தேன். "என் தம்பி வாசம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கோட்டை இன்னும் துவைக்கவில்லை.

போன சனிக்கிழமை மதியம் தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் கூடத்தில் தேர்வு நடந்தது. பதினொரு பேர், பதினொரு கோப்பை, கடித்துக்கொள்ள உப்புப் பிஸ்கட். வெங்காயம் வந்தது, பைன் மரம் வந்தது, பூனை வந்தது. ஏழாவது கோப்பையை மூக்கருகில் கொண்டுபோனதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மிடறு குடித்தேன். துப்புவதற்கென்று வைத்திருந்த வாளியைப் பியாட்ரிஸ் என் பக்கம் தள்ளினாள். நான் விழுங்கினேன். ஓட்டு எடுத்தார்கள். ஏழாவது கோப்பைதான் படு மோசம் என்று வரிசையாகப் பத்துக் கை எழுந்தது. சோப்பு என்றான் ஒருவன். ஊறுகாய் என்றான் இன்னொருவன். அவன் ஊறுகாய் என்றதும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! எழுந்து நின்று, "உங்களுக்கெல்லாம் வாயில இருக்கறது நாக்கா, செருப்புத் தோலா? எலுமிச்சம்பழம் தெரியல? மூணாவது மிடறுல தேங்காய் மாதிரி ஒண்ணு வருதே, அது தெரியல? ஆற விட்டுக் குடிக்கணும்யா, அவசரப்பட்டா எப்படித் தெரியும்?" என்று ஆரம்பித்து, நீ இருபத்திரண்டு வருஷம் என்னிடம் சொன்னது ஒன்று விடாமல், கையை நீ ஆட்டுவது மாதிரியே ஆட்டிக்கொண்டு, கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். கடைசியில் பியாட்ரிஸ்தான் மெதுவாக, "கில், உனக்கு அந்தப் பூ புடிக்காதே" என்றாள். "புடிக்காதுதான்" என்றேன். "அப்புறம் என்ன?" "அந்த பிஸ்கட்டை இப்படித் தள்ளு" என்றேன். அவள் ஏழாவது பீரில் மிச்சமிருந்த புட்டிகளையெல்லாம் ஒரு பெட்டியில் அடுக்கி, என் வண்டிவரை தானே தூக்கிவந்து வைத்தாள்.

ஆகவே, சொராச்சி ஏஸ்தான் உலகத்திலேயே மோசமான ஹாப் பூ என்று பதினொன்றுக்குப் பத்து ஓட்டில் தீர்மானமாகிவிட்டது என்பதை இதன்மூலம் உனக்கு அறிவிக்கிறேன். எதிர்த்து விழுந்த ஒரு ஓட்டு யாருடையது என்று கேட்காதே. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: எனக்கு அது இன்னும் பிடிக்கவில்லை. சாயங்காலம் ஒரு புட்டி திறக்கிறேன், முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் குடிக்கிறேன். வாய்க்குத்தான் ஆகவில்லை. ஆனால் திறந்ததும் கராஜில் ஒரு வாசம் பரவுகிறதே, அது பரவும்போது நீ ஏதோ ஸ்பேனர் எடுக்க வண்டிவரை போயிருக்கிற மாதிரியும் இதோ வந்துவிடுவாய் என்பது மாதிரியும் இருக்கிறது. புட்டி பாதியாகும்வரை அப்படி இருக்கிறது. மீதிப் பாதி வெறும் ஊறுகாய்த் தண்ணிதான்.

இதற்காக நீ ஒன்றும் கிளம்பி வந்துவிட வேண்டாம். இங்கே தோட்டங்களில் பூ அறுப்பு முடிந்து கொடி படரும் கம்பிகள் மொட்டையாக நிற்கின்றன, பார்க்க ஒன்றுமில்லை. ஃபோனும் செய்ய வேண்டாம், எனக்குக் காது மந்தம். நானும் வருவதாக இல்லை. ஆயிரத்து நானூறு மைல், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு யாரால் முடியும்? நீ அங்கே நிழலில் உட்கார்ந்து சுகமாக இரு. டோரீனுக்கு மூச்சு சீராக வர, உனக்குப் பொறுமை பெருக, உங்கள் வீட்டுக் குளிர்சாதனம் கோடையில் கைவிடாதிருக்க, கடவுள் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
மூத்தவன் என்ற முறையில் ஆசீர்வதிக்கும்
கில்பர்ட் பாட்நோட்

பி.கு.: தபால்தலை ஒட்டும்போது உன் அக்காள் பின்னால் நின்று முழுதும் படித்துவிட்டாள். "தபால் போய்ச்சேர அஞ்சு நாள். கார் மூணு நாள்" என்றாள். பெட்டி கட்டியாகிவிட்டது. மிச்சப் புட்டிகளைப் பின்சீட்டில் போர்வை சுற்றி வைத்திருக்கிறேன். தபால்தலை ஒட்டிய கடிதத்தை வீணாக்கக் கூடாது என்று இதையும் தபால்பெட்டியில் போடுகிறேன். வந்து சேரும்போது பிரிக்காமல் என்னிடமே கொடுத்துவிடு. வியாழக்கிழமை கதவைத் திறந்தால் நான் நிற்பேன். நீ ஒன்றும் பெரிதுபடுத்தாதே. "என்ன அத்தான், இந்தப் பக்கம்?" என்று மட்டும் கேள். வழி தப்பி வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.