காப்புக் கையும் கறுப்பு பியரும்

குடித்துவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஏராளம். குடிக்காமல் மாட்டிக்கொண்டவன் நான் ஒருவன்தான். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவைத்தால், என் மனைவி வசந்தி ஊரெல்லாம் சொல்லிவருகிற கதைக்கு ஒரு மாற்றாவது இருக்குமே என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் உதவி டீமேக்கராகச் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதத்தில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கடிதம் தோட்டத்து மனேஜரான தொரையின் மேசையில் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. அது வந்தால் குவாட்டர்ஸ் கிடைக்கும். இரண்டு அறை, தனி அடுப்படி, வீட்டுக்குள்ளேயே குழாய். அதுவரை நானும் வசந்தியும் கைக்குழந்தையும் அண்ணன் குடும்பத்தோடு தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் ஒற்றையறைக் காம்பரா ஒன்றில் இருந்தோம். குழந்தை அழுதால் ஏழு பேர் எழுந்து உட்கார்வார்கள். அண்ணி ஒன்றும் சொல்லமாட்டார். பாத்திரத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைப்பார்.

மனிதர்களிடம் கேட்டு அலுத்துப்போய் மாரியம்மனிடம் கேட்டேன். கடிதத்துக்காக அந்த வருடத் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டு கையில் காப்புக் கட்டினேன். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் இருக்கிறவரை கவுச்சி கிடையாது, பாய் படுக்கை கிடையாது, மதுவைப் பற்றிப் பேசவே வேண்டாம். (அதற்கு முன்பும் நான் குடிகாரன் இல்லை. கல்யாண வீடுகளில் யாராவது வற்புறுத்தினால் வற்புறுத்துகிறவரின் மனம் நோகாமல் நடந்துகொள்வேன், அவ்வளவுதான்.)

காப்புக் கட்டிய நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் தாண்டியிருக்கும். பங்களாவில் சமையல் செய்கிற அப்பு மூச்சு வாங்க லயத்துக்கு வந்தார்.

"தம்பி, தொரை ஒன்னய உடனே வரச் சொன்னாரு. கொழும்புல இருந்து யாரோ வந்திருக்காங்க."

ஞாயிற்றுக்கிழமை, பங்களா, கொழும்பு ஆள். கடிதம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். வசந்தி வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்து, நெற்றியில் திருநீறு பூசி, புத்தியும் சொன்னாள்.

"மூஞ்சிய உர்ருனு வச்சுக்காதீங்க. வாயக் கொடுத்து வம்புல மாட்டிக்காதீங்க. என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லுங்க."

அன்று நடந்த அத்தனைக்கும் இந்தக் கடைசி வாக்கியமே காரணம் என்று இன்றும் நான் வாதாடுகிறேன். அவள் ஒத்துக்கொள்வதில்லை.

பங்களாவில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் தொரையும், வெள்ளைக் காற்சட்டை போட்ட ஒரு விருந்தாளியும் உட்கார்ந்திருந்தார்கள். கடிதத்தைத் தேடினேன். மேசையில் மூன்று போத்தல்கள்தான் இருந்தன.

"சிவா, இவர் நம்ம பிரண்டு. சொந்தமா பியர் செய்றார். சாக்லேட் ஸ்டவுட்" என்றார் தொரை. அவர் சிங்களவர் என்றாலும் தமிழ் நன்றாகவே பேசுவார். "நான் இவர்கிட்ட சொன்னேன், நம்ம ஃபெக்டரியில ஒரு நாக்கு இருக்கு, எந்த மலைக் கொழுந்துன்னு வாயில வச்சாலே சொல்லும்னு. நீ ருசி பார்த்து சொல்லணும். சரியா?"

"ஆமா சேர்" என்றேன்.

சொன்ன பிறகுதான் சட்டைக் கைக்குள் காப்பு உறுத்தியது. குடித்தால் அம்மன் கோபிப்பாள், கடிதம் வராது. மறுத்தால் தொரை கோபிப்பார், அப்போதும் கடிதம் வராது. உள்ளங்கை வியர்த்தது. (அந்தக் குளிரில் பங்களாவில் வியர்த்த ஒரே ஜீவன் நான்தான்.)

அப்போது எனக்கு ஒரு யோசனை உதித்தது. என் தொழில் என்ன? தினமும் நாற்பது கோப்பைத் தேநீரை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, சர்ரென்று சத்தத்தோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சி, வாய் முழுக்க உருட்டி, பக்கத்திலிருக்கும் தகரத் தொட்டியில் துப்புவது. நாற்பதும் வாய்க்குப் போகும், ஒன்றும் வயிற்றுக்குப் போகாது. துப்பினால் அது குடித்ததாகுமா? ஆகாது. அம்மனுக்கு இது தெரியாதா என்ன? இப்படியொரு வக்கீல் மூளை எனக்கு இருப்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

விருந்தாளி ஊற்றினார். பியர் கன்னங்கரேலென்று இருந்தது. மேலே நின்ற நுரைகூட பழுப்பு. மூக்கருகே கொண்டுபோனேன். வறுத்த கோப்பிக்கொட்டையும் கோக்கோத் தூளும் சேர்ந்த வாசம், அதற்கடியில் தேயிலை உலர்த்தும் எங்கள் டிரையர் அறையில் அதிகாலையில் அடிக்குமே, அந்தச் சூடான மணம். ஒரு நிமிடம் பயத்தைக்கூட மறந்தேன். பிறகு பழக்கதோஷத்தில், பங்களா அதிர, சர்ரென்று உறிஞ்சினேன்.

தேநீர் பொங்காது. இது பொங்கும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. காற்றோடு சேர்த்து உறிஞ்சியதும் வாய்க்குள் அது ஒன்றுக்கு மூன்றாகப் பெருகியது. கன்னம் இரண்டும் உப்பி, கண்ணில் நீர் வந்து, மூக்கு வழியாக நுரை எட்டிப் பார்த்தது. துப்பத் தொட்டியைத் தேடினேன். பங்களா ஹாலில் தொட்டிக்கு எங்கே போவது?

"எப்படி?" என்றார் தொரை.

தலையை ஆட்டினேன். ஆமா என்று.

பூச்சாடியைப் பார்த்தேன், வாய் சிறியது. ஜன்னலைப் பார்த்தேன், சாத்தியிருந்தது. உள்ளே அது இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. விழுங்கிவிடு என்றது தொண்டை. வேறு வழி தெரியாமல் இரண்டே எட்டில் கணப்பின் முன் போய், தொழில் சுத்தத்தோடு ஒரே வீச்சில் துப்பினேன்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். பொறியோடு சாம்பல் மேகம் எழும்பி என் முகத்தில் படிந்து, பிறகு அவசரப்படாமல் விருந்தாளியின் வெள்ளைக் காற்சட்டைமேல் இறங்கியது. சோபாவுக்கடியிலிருந்து தொரையின் நாய் தும்மியது. போச்சு, கடிதம் போச்சு, குவாட்டர்ஸ் போச்சு, அண்ணியோடுதான் சாகும்வரை என்று நினைத்துக்கொண்டேன்.

விருந்தாளியின் முகம் சுண்டிவிட்டது. அவ்வளவு மோசமா என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஐயோ இல்லீங்க சேர், நல்ல டீயையும் நாங்க துப்பத்தான் செய்வோம்!" என்று பதறி, தெரிந்த சிங்களத்தில் உளறிக் கொட்டினேன். முதலில் கோப்பி மாதிரி வருகிறது, பிறகுதான் சாக்லேட். அதுவும் பிள்ளைகள் தின்கிற இனிப்புச் சாக்லேட் இல்லை, கசப்பு முன்னால் நின்று இனிப்பு பின்னால் ஒளிந்துகொள்கிற சாக்லேட். பால் ஊற்றாமலே பால் ஊற்றிய கனம். ஆனால் நாக்கின் ஓரத்தில் லேசாய் ஒரு கருகல். எங்கள் டிரையரில் சூடு ஏறிப்போனால் தூளில் வருமே, அதேதான். தானியத்தை வறுக்கும்போது கொஞ்சம் கூடுதலாக விட்டுவிட்டீர்களோ?

விருந்தாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த முறை வறுவல் மிஞ்சிப்போனது உண்மைதானாம். தான் யாரிடமும் சொல்லவில்லையாம். சாம்பலைத் தட்டக்கூட மறந்து இன்னொரு கிளாஸை நிரப்பினார். பியரைத் துப்பிவிட்டு முடிவு சொல்லக்கூடாது, தொண்டையில் இறங்கும்போதுதான் அது முடிகிறது, இதை விழுங்கிச் சொல் என்று நீட்டினார்.

இனி எந்த வக்கீல் மூளையும் உதவாது. சட்டைக் கையை மடித்துக் காட்டினேன்.

"காப்புக் கட்டியிருக்கேன் சேர். அம்மனுக்கு."

தொரை எழுந்தே விட்டார். அவருடைய முகத்தில் நான் எதிர்பார்த்தது கோபம். இருந்தது பயம், என்னுடையதைவிடப் பெரிய பயம்.

"உனக்குப் பைத்தியமா? காப்போட வந்து இதை ஏன் வாயில வச்ச? தேருக்கு லொறி கொடுக்கிறது நான், உனக்குப் பியர் கொடுத்ததும் நான். இந்த மழைக்கு ரோட்டுல மண் சரிஞ்சா அம்மன் யாரைக் கேப்பா? உன்னையா கேப்பா?" என்றவர், டிரைவரைக் கூப்பிட்டு, என்னை ஜீப்பில் ஏற்றி நேரே கோயிலுக்கு அனுப்பிவிட்டார்.

கோயிலில் அரைத் தோட்டமும் தோரணம் கட்டிக்கொண்டிருந்தது. சாம்பல் முகமும் பழுப்புக் கறை படிந்த சட்டையுமாக நான் ஜீப்பிலிருந்து இறங்கினேன். டிரைவர் நல்ல மனுஷன்தான், குரல்தான் கொஞ்சம் பெரிசு. "பூசாரி ஐயா, இவரு பங்களாவுல பியர் சாப்பிட்டாராம், தொரை பாக்கச் சொன்னாரு!" என்றார். ஏணியில் நின்றவர்கள் இறங்கினார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு குழந்தையோடு வசந்தி வந்தாள்.

பூசாரி என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். "விழுங்குனியா, துப்புனியா?"

"துப்பிட்டேங்க. சத்தியமா. ஆனா..."

"என்ன ஆனா?" என்றாள் வசந்தி.

அங்கே நான் வாயை மூடியிருக்கலாம். கோயில் வாசலில் பொய் வரவில்லை.

"ஆனா நல்லா இருந்துச்சு."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அண்ணன் வேறு பக்கம் பார்த்தார். பூசாரி வெகுநேரம் யோசித்து, நாக்குக்கு ருசி தெரிந்தது குற்றமில்லை, ஆனாலும் சுத்தம் பண்ணவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். மூன்று குடம் மஞ்சள் தண்ணீர். அந்தப் பனிக்குளிரில், ஊர் பார்க்க, மூன்றையும் தலையில் ஊற்றியவள் வசந்திதான். மூன்றாவது குடம் பூசாரிக்காக ஊற்றியதல்ல, அவளுக்காக ஊற்றியது. வேகத்திலேயே தெரிந்தது. பல் கிட்டித்துப்போய் நின்ற என்னைக் குளிரைவிடக் கடிதத்தின் நினைப்புத்தான் அதிகம் நடுங்க வைத்தது.

தீச்சட்டியும் எடுத்தேன். திருவிழா முடிந்து காப்பை அவிழ்த்து இரண்டு நாளில் தொரை தொழிற்சாலைக்கு வந்தார். என்னைப் பார்க்காமலே ஒரு உறையை மேசையில் வைத்தார்.

"துப்பினாலும் சரியாத்தான் சொன்ன" என்றார். "ஆனா இனி பங்களாப் பக்கம் வர்றதுன்னா கையைக் காட்டிட்டு உள்ள வா."

குவாட்டர்ஸுக்கு வந்து இப்போது ஐந்து வருடம். என் தொழில்திறமை, நேர்மை, வேண்டுதல் எல்லாம் சேர்ந்துதான் இந்த வீடு வந்தது என்பது என் கட்சி. ஆனால் யார் வந்தாலும் வசந்தி இரண்டு அறையையும் சுற்றிக் காட்டி, வீட்டுக்குள்ளேயே இருக்கிற குழாயைத் திறந்து மூடிவிட்டு, கடைசியில் என் பக்கம் கையை நீட்டுவாள்.

"எல்லாரும் உழைச்சு வீடு வாங்குவாங்க. எங்க வீட்டுக்காரரு துப்பி வாங்குனாரு."